உங்களுக்குத் தெரியுமா? – இதயத்தைத் தொட்டு அளக்கும் மின்முனைகள்

பேஸ்மேக்கர் என்றதும் பெட்டியும் பேட்டரியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. இதயத்தோடு நேரடியாக உறவு வைத்திருப்பதோ ஒயரின் நுனியில் இருக்கும் மின்முனை. ஓரிரு மில்லிமீட்டர் உலோகம் அது. இரத்தத்தின் நடுவே, துடிக்கும் தசையைத் தொட்டபடி ஆண்டுக்கணக்கில் இருந்து, இதயத்தின் மின்சாரத்தை அளந்து சொல்கிறது. அது சரியாகக் கேட்டால்தான் பெட்டி சரியாக முடிவெடுக்கும். அதை வடிவமைத்தவர்களின் உழைப்பு வெளியில் தெரிவதில்லை. தெரிய வேண்டும்.

தவளை நரம்பு சொன்ன சேதி
ஒவ்வொரு இதயத் துடிப்போடும் மின்சாரம் பிறக்கிறது என்பதை 1856-இல் ஜெர்மனியில் பணியாற்றிய கோலிக்கர், முல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். தவளையின் கால் தசையை நரம்போடு பிரித்தெடுத்து, அந்த நரம்பைத் துடிக்கும் இதயத்தின் மேல் கிடத்தினார்கள். இதயம் துடிக்கும்போதெல்லாம் கால் தசையும் துள்ளியது. இதயத் தசையின் மின்சாரத்தைத் தொட்டு உணர்ந்த முதல் ‘மின்முனை’ ஒரு நரம்புதான்.

ஐந்து பேர் இயக்கிய இ.சி.ஜி.
மனித இதயத்தின் மின்சாரத்தை உடலைத் திறக்காமலே முதலில் பதிவு செய்தவர் லண்டனில் பணியாற்றிய அகஸ்டஸ் வாலர். ஆண்டு 1887. அதைத் துல்லியமாக்கியவர் நெதர்லாந்தின் வில்லெம் ஐந்தோவன். அவரது இழைக் கால்வனோமீட்டர் சுமார் 270 கிலோ எடை கொண்டது. அதை இயக்க ஐந்து பேர் தேவைப்பட்டார்கள். நோயாளி உப்புநீர்த் தொட்டிகளில் கை, கால்களை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். 1924-இல் ஐந்தோவனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

உள்ளே நூறு, வெளியே ஒன்று
ஓய்வில் இருக்கும் இதயத் தசைச் செல்லின் உட்புறம், வெளிப்புறத்தைவிடச் சுமார் 90 மில்லிவோல்ட் குறைவான மின்னழுத்தத்தில் இருக்கும். செல் தூண்டப்படும்போது அது, இருந்த நிலையிலிருந்து நூறு மில்லிவோல்ட்டுக்கு மேல் எழும்புகிறது. விலா எலும்பு, நுரையீரல், கொழுப்பு எல்லாவற்றையும் தாண்டித் தோலுக்கு வரும்போது மிஞ்சுவது சுமார் 1 மில்லிவோல்ட். மின்முனையைக் கீழறைச் சுவரிலேயே வைத்தால் 5 முதல் 20 மில்லிவோல்ட் வரை கிடைக்கும். மேலறையின் சுவர் மெல்லியது. அங்கே சில மில்லிவோல்ட்தான். இதயத்துக்குள் போய் அளப்பதற்கான முதல் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

தன் இதயத்தில் தானே குழாய் விட்டவர்
1929-இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் மருத்துவர், தன் கைச் சிரை வழியாக ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி, அது இதயத்தை எட்டியதை எக்ஸ்ரேயில் பதிவு செய்தார். சிரைவழி இதயத்துக்குப் போகலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்து வலுப்பெற்றது. 1956-இல் நோபல் பரிசு மூவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. அவர்களில் ஒருவர் ஃபோர்ஸ்மான். இடையில் 1945-இல் பாரீஸ் மருத்துவர்கள் லெநேக்ரும் மோரிஸும், நுனியில் மின்முனை பொருத்திய குழாயால் மனித இதயத்தின் உள்ளிருந்தே இ.சி.ஜி. எடுத்தார்கள்.

1958: இரண்டு பாதைகள்
அந்த ஆண்டு அக்டோபர் 8 அன்று ஸ்டாக்ஹோமில், அர்னே லார்சன் என்பவருக்கு உலகின் முதல் முழுமையான உட்பொருத்து பேஸ்மேக்கர் வைக்கப்பட்டது. கருவியைச் செய்தவர் பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட். அறுவை செய்தவர் ஓகே சென்னிங். மார்பைத் திறந்து, மின்முனைகளை இதயத் தசையிலேயே தைத்தார்கள். முதல் கருவி சில மணி நேரமே ஓடியது. ஆனால் லார்சன், அடுத்தடுத்து வந்த கருவிகளின் துணையால் 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். அதே 1958-இல் நியூயார்க்கில் சீமோர் ஃபர்மன், மார்பைத் திறக்காமல் சிரை வழியாகவே மின்முனையை இதயத்துக்குள் இறக்கிக் காட்டினார். இன்றைய லீடுகளில் (மின்முனை தாங்கிய ஒயர்களில்) பெரும்பாலானவை ஃபர்மனின் பாதையில் போகின்றன.

18.4 கோடி முறை வளைத்த ஒயர்
தொடக்க காலத்தில் பெட்டி பழுதாவதற்கு முன் ஒயர் முறிந்தது. எல்ம்க்விஸ்ட் இதற்காக நாடியது எரிக்சன் தொலைபேசி நிறுவனத்தை. பாலியஸ்டர் பின்னல் நூலைச் சுற்றி நான்கு மெல்லிய எஃகுப் பட்டைகளைச் சுருட்டி, மேலே பாலிஎத்திலீன் உறையிட்டு ஒரு புதிய ஒயர் உருவானது. அதை 5 மில்லிமீட்டர் ஆரத்தில் 18.4 கோடி முறை வளைத்துச் சோதித்தார்கள், தேய்மானம் தெரியவில்லை. இதய மருத்துவத்துக்குத் தொலைபேசித் துறை செய்த பேருதவி இது.

பத்து ஆண்டில் 36 கோடி
ஏன் இத்தனை சோதனை? நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கு மேல். பத்து ஆண்டுகளில் 36 கோடியைத் தாண்டும். ஒவ்வொரு துடிப்பிலும் லீடு வளைந்து நிமிர்கிறது. இடையில் ஓய்வு கிடையாது. கழற்றிப் பார்த்து எண்ணெய் விடவும் முடியாது.

நேர்க்கம்பி தாங்காது, சுருள் தாங்கும்
ஒரே இடத்தில் மடித்து நிமிர்த்தினால் எந்தக் கம்பியும் முறியும். அதனால் லீடுக்குள் இருக்கும் கடத்தியைப் பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் போலச் சுருட்டுகிறார்கள். வளைவின் சுமை ஒரு புள்ளியில் விழாமல் பல சுற்றுகளுக்குப் பிரிந்துவிடுகிறது. பல மெல்லிய இழைகளைச் சேர்த்தே சுருட்டுவதால் ஓர் இழை அறுந்தாலும் மற்றவை கடத்தும். கம்பியின் உலோகம் நிக்கல் 35, கோபால்ட் 35, குரோமியம் 20, மாலிப்டினம் 10 விழுக்காடு கலந்த எம்.பி.35.என். இது எளிதில் முறியாது, துருப்பிடிக்காது. ஆனால் மின்தடை சற்று அதிகம். அதைக் குறைக்க இழையின் நடுவே வெள்ளி வைக்கிறார்கள்.

செம்பும் வெள்ளியும் ஏன் ஆகாது?
மின்சாரத்தை நன்றாகக் கடத்துபவை செம்பும் வெள்ளியும்தான். ஆனால் நேரடியாகத் தொட்டால் அவற்றிலிருந்து கசியும் அயனிகள் தசைக்கு நஞ்சு. நுனிக்குப் பெரும்பாலும் பயன்படுவது 90 விழுக்காடு பிளாட்டினமும் 10 விழுக்காடு இரிடியமும் சேர்ந்த கலவை. பிளாட்டினம் உடல் திரவத்தோடு வேதிவினை புரிவது மிகக் குறைவு. இரிடியம் அதற்கு உறுதி தருகிறது. இரண்டு வெவ்வேறு உலோகங்கள் ஒட்டும் இடத்தில் திரவம் புகுந்தால் அந்த இடமே குட்டி பேட்டரியாகி அரிக்கத் தொடங்கும். எனவே இணைப்புகளை லேசரால் பற்றவைத்தோ நசுக்கிப் பிடித்தோ முடித்து, திரவம் எட்டாதபடி மூடிவிடுகிறார்கள்.

தோலுக்கு நல்லது, இதயத்துக்கு ஆகாது
ஆஸ்பத்திரியில் மார்பில் ஒட்டும் இ.சி.ஜி. ஸ்டிக்கரின் உள்ளே வெள்ளியும் வெள்ளிக் குளோரைடும் இருக்கின்றன. நிலையான, இரைச்சல் குறைந்த சமிக்ஞைக்கு இதைவிட நல்ல இணை அரிது. சிறிது நேரமே இதயத்தைத் தொட்டு அளக்கும் ஆய்வுக் கதீட்டர் குழாய்களிலும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் நிரந்தரமாக உள்ளே விட்டால் குளோரைடு படலம் மெல்லக் கரையும். வெள்ளி திசுவைப் பாதிக்கும். அளப்பதற்கு எது சிறந்தது என்பதோடு, தசை எதைச் சகித்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்தே இங்கே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

சிறிய நுனி, பெரிய பரப்பு
இதயத்தைத் தூண்ட நுனி சிறியதாக இருப்பது நல்லது; சிறு இடத்தில் மின்னோட்டம் குவியும், பேட்டரி மிச்சமாகும். இதயத்தைக் கேட்கப் பரப்பு பெரிதாக இருப்பது நல்லது. உலோகமும் உடல் திரவமும் சந்திக்கும் எல்லையில் எழும் தடை குறையும். இந்த முரணைத் தீர்த்தது மேற்பூச்சு. டைட்டேனியம் நைட்ரைடு, இரிடியம் ஆக்சைடு போன்றவற்றை நுனியில் மிக மெல்லிய படலமாகப் படிய வைக்கிறார்கள். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் அந்தப் படலம், நுண்ணோக்கியில் நெருக்கமான தூண்களும் பள்ளங்களுமாகத் தெரியும். வெளி அளவு மாறுவதில்லை. திரவத்தைத் தொடும் உண்மையான பரப்பு பல மடங்கு பெருகிவிடுகிறது.

நுனிக்குள் ஒரு மருந்துச் சாலை
புதிய பொருள் உள்ளே வந்தால் உடல் சும்மா இருக்காது. அழற்சி உண்டாகும், பின்னர் மின்முனையைச் சுற்றி நார்த்திசு உறை வளரும். அந்த உறை மின்சாரத்தால் தூண்ட முடியாத திசு. பொருத்திய சில வாரங்களில் தூண்டத் தேவையான மின்னழுத்தம் ஏறுவதற்குக் காரணம் இதுதான். 1980-களில் இதற்கு விடை கிடைத்தது. ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டை நுனிக்குள் அடைத்து, மெதுவாகக் கசிய விட்டார்கள். அழற்சி அடங்கியது, உறை மெலிந்தது. அந்தத் துளி மருந்தால் பேட்டரிகளின் ஆயுளும் கூடியது.

திருகாணியா, கொக்கியா?
லீடின் நுனி நகராமல் இருக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சிலிக்கோன் கொக்கிகள் இதயத்தின் உட்புறத் தசை வரிகளில் சிக்கிக்கொள்வது. மற்றது, சிறு திருகு தசைக்குள் ஏறிப் பிடிப்பது. கூரான திருகு போகும் வழியில் சிரையைக் கிழித்துவிடக் கூடாது. சில வகைகளில் அதன் மேல் மானிட்டால் என்ற சர்க்கரைப் பொருளைப் பூசியிருப்பார்கள். லீடு இதயத்தை அடையும் வரை பூச்சு காக்கும்; சில நிமிடங்களில் இரத்தத்தில் கரைந்து திருகு வெளிப்படும்.

காயம் தரும் நற்செய்தி
திருகு தசையில் ஏறியதும் திரையில் தெரியும் அலையின் ஒரு பகுதி சட்டென்று உயரும். நுனி பட்ட இடத்துச் செல்கள் சற்றே காயப்பட்டிருப்பதன் அடையாளம் அது; காய மின்னோட்டம் என்கிறார்கள். மருத்துவர்கள் அதை விரும்பியே எதிர்பார்க்கிறார்கள். மின்முனை தசையை உறுதியாகப் பற்றியிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. சில நிமிடங்களில் அது தணியத் தொடங்கும்.

இரண்டு உறைகள், இரண்டு குணங்கள்
ஒயரின் மேலுறைக்குச் சிலிக்கோன், பாலியுரேத்தேன் இரண்டும் பயன்படுகின்றன. சிலிக்கோன் மென்மையானது, உடலில் நெடுநாள் மாறாதது. ஆனால் உராய்ந்தால் தேயும், எளிதில் கீறும். பாலியுரேத்தேன் மெல்லியதாக இருந்தும் உறுதியானது, வழுக்கிச் செல்வது. ஆனால் அதன் தொடக்ககால வகைகள் சில, உடலின் வேதியியலுக்கு ஈடுகொடுக்காமல் வெடித்தன. உறையில் ஒரு வெடிப்பு என்றால் மின்சாரம் அங்கே கசியும், பொய்ச் சமிக்ஞை புகும். அந்தப் பாடத்துக்குப் பிறகு இரண்டையும் அடுக்கியும் கலந்தும் புதிய உறைகள் வந்தன.

கையைத் தூக்கினால் குழப்பம்
லீடின் நுனிக்கும் பெட்டியின் உலோகக் கூட்டுக்கும் இடையே அளந்தால், மார்புத் தசையின் மின்சாரமும் உள்ளே வரும். கையைத் தூக்கும்போது எழும் அந்த இரைச்சலை இதயத் துடிப்பு என்று கருவி தவறாக எடுத்துக்கொள்ளக்கூடும். நுனியிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி லீடிலேயே ஒரு வளைய மின்முனை வைத்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அளந்தால் தொலைவிலிருந்து வரும் இரைச்சல் பெரும்பாலும் கழிந்துவிடும். இருமுனை லீடு பரவலானதற்கு இதுவே காரணம்.

எந்தப் பெட்டிக்கும் பொருந்தும் முனை
ஒரு காலத்தில் நிறுவனத்துக்கு நிறுவனம் இணைப்பின் அளவு வேறு. பெட்டி மாற்றும்போது பழைய லீடு பொருந்தாமல் நோயாளிகள் அவதிப்பட்டார்கள். 3.2 மில்லிமீட்டர் அளவிலான ஐ.எஸ்.-1 என்ற பன்னாட்டுத் தரம் வந்த பின் ஒருவரின் லீடை மற்றவரின் பெட்டியில் செருக முடிந்தது. போட்டி நிறுவனங்கள் நோயாளிக்காகக் கூடிப் பேசி எடுத்த நல்ல முடிவு இது.

தோல் வழியே உருவும் ஒயர்
திறந்த இதய அறுவை முடிந்ததும் மேலறை, கீழறைகளின் மேற்பரப்பில் மெல்லிய எஃகு ஒயர்களைத் தற்காலிகமாகத் தைத்து, மார்புத் தோல் வழியே நுனியை வெளியே விடுவார்கள். ஒரு முனையில் இதயத்தில் தைக்க வளைந்த ஊசி. மறுமுனையில் மார்புச் சுவரைத் துளைக்க நேர் ஊசி. இதயம் மெதுவாகத் துடித்தால் தூண்டலாம். தாளம் தப்பினால் மேலறையின் மின்சாரத்தை நேரடியாகப் பதிவு செய்து எந்தக் கோளாறு என்று கண்டறியலாம். சில நாள்களில் மெதுவாக இழுத்தால் வந்துவிடும். அதற்கென மறு அறுவை தேவையில்லை.

870 புள்ளிகளில் ஓர் இதயம்
மின் அலை மனித இதயத்தில் எங்கே தொடங்கி எப்படிப் பரவுகிறது? ஆம்ஸ்டர்டாமில் டிர்க் டூரரும் குழுவினரும் இதற்கான வரைபடத்தை 1970-இல் வெளியிட்டார்கள். இதய நோய் இல்லாமல், மூளைப் பாதிப்பால் இறந்த ஏழு பேரின் இதயங்கள் ஆய்வுக்குக் கிடைத்தன. தசைக்குள் ஊசி மின்முனைகளைச் செருகி, 870 புள்ளிகள் வரை அளந்தார்கள். இதய மின்னியல் பாடங்களில் இன்றும் அந்தப் படம் இடம்பெறுகிறது. அந்த ஏழு பேருக்கும் மருத்துவ உலகம் கடன்பட்டிருக்கிறது.

மெல்லிய நார்க்கற்றையின் குரல்
மேலறையிலிருந்து கீழறைக்கு மின் அலையைக் கடத்தும் கற்றையை வில்ஹெல்ம் ஹிஸ் 1893-இல் விவரித்தார். அதன் சமிக்ஞை மிகச் சிறியது, சாதாரண இ.சி.ஜி.யில் தெரியாது. 1969-இல் பெஞ்சமின் ஷெர்லாக், மின்முனைக் கதீட்டரை மூவிதழ் வால்வின் அருகே நிறுத்தி அதை மனிதரில் பதிவு செய்யும் எளிய முறையைத் தந்தார். மின் அலை தடைபடும் இடம் கற்றைக்கு மேலா கீழா என்று அதன் பிறகு பிரித்தறிய முடிந்தது.

மதுரையிலும் நடக்கும் வேலை
2017-இல் சீனாவின் வென்சோ நகர மருத்துவர் ஹுவாங் வெய்ஜியானின் குழு, லீடை இதய இடைச்சுவரின் ஆழத்துக்குத் திருகி, இடது கற்றைக் கிளையையே தூண்டும் முறையை வெளியிட்டது. இயற்கையான பாதையிலேயே அலை பரவுவதால் இரு கீழறைகளும் ஏறத்தாழ ஒருசேரத் துடிக்கின்றன. இதற்குப் பெரிதும் பயன்பட்ட லீடின் தடிமன் சுமார் 1.4 மில்லிமீட்டர். திருகும்போது ஒவ்வொரு படியிலும் அலைவடிவம் மாறுவதைப் பார்த்தே ஆழத்தைக் கணிக்க வேண்டும். இங்கே அளப்பதுதான் வழிகாட்டி. கற்றைத் தூண்டல் துறையின் முன்னோடிகளில் ஒருவர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பணியாற்றும் புகழேந்தி விஜயராமன். மதுரை வேலம்மாள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்தும் இம்முறை குறித்த ஆய்வுகள் பன்னாட்டு இதழ்களில் வெளிவந்துள்ளன.

ஒயரே இல்லாமல்
லீடில்தான் பழுது அதிகம் என்றால் லீடையே நீக்கிவிடலாமே? 2010-களில் அது நடந்தது. சுமார் 2 கிராம் எடையும் 26 மில்லிமீட்டர் நீளமும் உள்ள பேஸ்மேக்கரைத் தொடைச் சிரை வழியே செலுத்தி, வலது கீழறையிலேயே நிறுத்துகிறார்கள். பேட்டரி, சுற்று, மின்முனை எல்லாம் ஒரே குப்பிக்குள். பழைய வடிவத்துக்குத் திரும்பும் நிட்டினால் உலோகத்தாலான நான்கு கொக்கிகள் தசையைப் பற்றிக்கொள்ளும்.

ஸ்கேன் அறைக்குள் ஓர் ஆன்டெனா
எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் ரேடியோ அலைகளுக்கு நீண்ட லீடு ஆன்டெனாவாக அமைந்துவிடும். நுனியில் வெப்பம் ஏறித் தசை வெந்துபோகலாம். அதனால் பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு ஸ்கேன் வெகுகாலம் மறுக்கப்பட்டது. சுருளின் அமைப்பையும் சுற்றுகளையும் மாற்றி இந்த ஆபத்தைக் குறைத்தார்கள். நிபந்தனைகளோடு எம்.ஆர்.ஐ. எடுக்கத்தக்க முதல் பேஸ்மேக்கர் அமைப்புக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2011-இல் ஒப்புதல் தந்தது. பெட்டி, லீடு இரண்டுமே அந்த வகையாக இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

இதயத்துக்கு அளவெடுத்த சட்டை
கடினமான உலோகத்தை மென்மையான தசையோடு இணைப்பதில்தான் சிக்கல் என்றால், உலோகத்தையே மென்மையாக்கலாம். 2010-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 288 அளவிடும் புள்ளிகள் கொண்ட வளையும் சிலிக்கன் படலத்தைப் பன்றி இதயத்தின் மேல் ஒட்டவைத்து அளந்தார்கள். 2014-இல், முயல் இதயத்தைப் படமெடுத்து, முப்பரிமாண அச்சில் அதன் உருவை வார்த்து, அதே வடிவில் உணரிகள் பதித்த மீள்படலத்தை உருவாக்கினார்கள். தையலோ பசையோ இல்லாமல் படலம் இதயத்தைச் சூழ்ந்து நின்றது.

வேலை முடிந்ததும் கரையும் கருவி
அறுவைக்குப் பின் சில நாள்களே துணை தேவைப்படும் இதயத்துக்கு, தானே கரைந்துபோகும் பேஸ்மேக்கரை 2021-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஜான் ரோஜர்ஸும், இதய மின்னியல் ஆய்வாளர் இகோர் எஃபிமோவும் தங்கள் குழுக்களோடு அறிவித்தார்கள். 2025-இல் அதைவிடச் சிறியது வந்தது: 1.8 மில்லிமீட்டர் அகலம், 3.5 மில்லிமீட்டர் நீளம், 1 மில்லிமீட்டர் தடிமன். இரு மின்முனைகளும் உடல் திரவமும் சேர்ந்தே பேட்டரியாகச் செயல்படுகின்றன. விலங்குகளிலும் தானமாகக் கிடைத்த மனித இதயங்களிலும் சோதித்திருக்கிறார்கள்.

மூன்று எண்களைக் கேளுங்கள்
உங்கள் வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால், ஒவ்வொரு பரிசோதனையிலும் மூன்று அளவுகள் எடுக்கப்படும்: மின்முனை உணரும் சமிக்ஞை எத்தனை மில்லிவோல்ட், தூண்டத் தேவையான மின்னழுத்தம் எவ்வளவு, லீடின் தடை எத்தனை ஓம். தடை திடீரென்று வெகுவாக ஏறினால் கம்பி முறிந்திருக்கலாம் அல்லது இணைப்பு தளர்ந்திருக்கலாம். திடீரென்று இறங்கினால் உறை பழுதாகியிருக்கலாம். ஒரு தடவை எடுத்த எண்ணைவிட, முந்தைய எண்களோடு ஒப்பிட்ட மாற்றமே அதிகம் பேசும். அறிக்கையின் நகலையும், பெட்டி, லீடு இரண்டின் மாதிரி எண்ணும் உள்ள அடையாள அட்டையையும் ஒரே கோப்பில் வையுங்கள். மருத்துவர் மாறினாலும் ஊர் மாறினாலும் அந்தக் கோப்பு கூடவே போகட்டும்.